அரைமணி சமைத்த மக்ரோனி

பசியோடு இருக்கிற மனுஷரை ஆத்திரப்படுத்துவதில் அரைமணியை மிஞ்சிய ஆள் கெடா மாநிலத்தில் இதுவரை பிறக்கவில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. அந்தக் காலத்து ஜப்பான்காரன்கூட இதில் இரண்டாவதாகத்தான் வருவான். ஜப்பான்காரன் எங்கள் அரிசியை எடுத்துக்கொண்டான். அரைமணியோ, அரிசி இல்லாமல் கிடந்த எங்களை எதிரே உட்காரவைத்து, வெண்ணெயில் வதக்கிய காரட்டைப் பற்றிப் பேசினார்.

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் மக்ரோனி பாக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "இது செய்யறது ஈசிலாம்மா. சாசேஜ வெட்டிப் போட்டு, காய் நாலு வெட்டிப் போட்டா, வேல விட்டு வந்து அரைமணி நேரத்துல சாப்பாடு ரெடி" என்றாள். "எங்களுக்கு மூணு நாள் பிடிக்கும்மா" என்றேன். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். அவள் மேல் தப்பில்லை.

குருணுக்குக் கிழக்கே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரைமணி துரை பங்களாவின் குக்கு. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. துரையும் துரைசானியும் கிளப்பில் பந்தடித்துவிட்டுப் பசியோடு வந்து, "குக்கு, சாப்பாடு எப்போது" என்று கேட்டால் இவர் சொல்லும் ஒரே பதில், "அரைமணி." சொன்னபடி அரைமணி நேரத்தில் மேசையில் ஆவி பறக்கும். அதிலிருந்து அந்தப் பெயர். நாளாக ஆக அவருக்கு எல்லாமே அரைமணிதான். மழை எப்போது விடும், அரைமணி. ஆஸ்பத்திரி டிரஸர் எப்போது வருவார், அரைமணி. எனக்கும் மாரிமுத்துவுக்கும் கல்யாணம் நடந்த அன்று, கோயில் பண்டாரம் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து "இன்னும் அரைமணி இருக்கு" என்றார். பண்டாரம் தேங்காயை அவர் தலையில் உடைக்கப் போனார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அந்த நாளில் அவர் நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வந்தால் அதிசயம். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், நிமிர்ந்த தலை. பால்மரம் வெட்டுகிற எங்களோடு பேசினால் கோட்டில் பால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி ஒதுங்கி நடப்பார். எனக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. பத்தொன்பது வயது அஞ்சலைக்கு, அதாவது எனக்கு, யாரையுமே பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று சேதி வந்த அன்று, துரை பாதிச் சாப்பாட்டில் எழுந்து காரில் ஏறித் தெற்கே ஓடினார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டமே கலங்கிப்போயிருந்தது. மூன்றாம் நாள் மாரிமுத்து பங்களாவுக்குப் போய்ப் பார்த்தபோது, அரைமணி கோட்டுப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். தட்டில் சோறு புளித்து, எறும்பு வரிசை கட்டியிருந்தது.

"என்னாண்ணே, எடுத்துக் கழுவக் கூடாதா?"

"எப்படி எடுக்கறது? பாரு, முள்ளு ஒரு பக்கம் கெடக்கு, கத்தி ஒரு பக்கம் கெடக்கு. தொர இன்னும் சாப்ட்டு முடிக்கல."

அப்போதுதான் எங்களுக்கு அந்தச் சட்டம் தெரிந்தது. தட்டில் முள்ளுக்கரண்டியும் கத்தியும் பிரிந்து கிடந்தால் துரை இன்னும் சாப்பிடுகிறார், குக்கு நகரக் கூடாது, கேட்டால் இன்னும் பரிமாற வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டால் முடிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு குக்கு வீட்டுக்குப் போகலாம். துரை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ, இந்த மனுஷர் முள்ளும் கத்தியும் சேருவதற்காக மூன்று நாள் நின்றிருக்கிறார். மாரிமுத்து தன் கையால் இரண்டையும் சேர்த்து வைத்து, "முடிஞ்சிருச்சிண்ணே, வாங்க" என்று அழைத்து வந்தான். எங்கள் பக்கத்து அறை காலியாக இருந்தது. பிடித்தது சனி.

அவர் கொண்டுவந்த சீதனம் இது: இரண்டு காது வைத்த ஒரு பெரிய பானை, ஓட்டை போட்ட ஒரு வடிதட்டு, இரண்டு முள்ளுக்கரண்டி, இரண்டு கத்தி, அந்தக் கோட்டு. ஒரு படி அரிசி இல்லை. பங்களாவில் இருந்த அரிசியைக் கிராணியார் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிராணியார் என்பவர் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. துரை இருந்தபோது துரைக்குக் குனிந்தவர், ஜப்பான்காரன் வந்ததும் அதே இடுப்பை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டார். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாம் என்று யோசித்தேன், அகப்படவில்லை.

பிறகு மரவள்ளிக் காலம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, பொழுது சாய மரவள்ளி. உப்பு இருந்தால் விருந்து. வேலை முடிந்து வந்து அடுப்பில் கிழங்கை ஏற்றும்போது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்கும்.

"இன்னிக்கு என்னா கெழம? புதனா? புதன்கெழமன்னா தொரைக்கு மக்ரோனி. பன்னி சாசேஜ வட்ட வட்டமா வெட்டி, சட்டியில போட்டா அதோட கொழுப்பே எண்ணெயா எறங்கும். அதுலயே வெங்காயம், காரட்டு, பச்சப் பட்டாணி. வேற எண்ணெயே வேணாம் தங்கச்சி."

"அண்ணே, வாய மூடுங்கண்ணே. இங்க கெழங்குக்குத் தொட்டுக்க மொளகாகூட இல்ல."

"மக்ரோனி வெந்த தண்ணி ஒரு கரண்டி எடுத்து வெச்சுக்கணும். கீழ கொட்டிடாத. அத ஊத்திக் கெளறினாத்தான் கொழகொழன்னு எல்லாம் ஒண்ணா சேரும்."

தினமும் இது. ஒருநாள் எதிர் லயத்துப் பச்சையம்மாக்கா, மூன்று பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருக்க, இவர் வெண்ணெய் உருகுகிற விதத்தை விவரிப்பதைக் கேட்டு, அடுப்பில் இருந்த சூட்டுக் கரண்டியோடு ஓடி வந்து வீசிவிட்டார். நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது. அரைமணி அந்தக் கரண்டியை எடுத்துத் துடைத்து, மோந்து பார்த்து, "உப்பு பத்தல" என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா அதோடு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தையும் விடவில்லை. தோக்கியோ நேரம் என்று முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். விடியுமுன் இருட்டில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்போம். தோட்டமே முணுமுணுத்தது. அரைமணி மட்டும் கவலைப்படவில்லை. "அவன் மணிய தள்ளி வெக்கலாம். என் அரமணிய ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக மாரிமுத்துவுக்கு அவர் மேல் பிரியம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வருவதற்குள் அவர் என் குடையை உடைத்துவிட்டார்.

என் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த கறுப்புக் குடை அது. ஒரு கம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மீதியை மடித்து ஒழுங்காகச் சுவரில் மாட்டியிருந்தார். நான் போட்ட கூச்சலில் பெரட்டு மணியே தேவையில்லை. அவர் அசையவில்லை. மரவள்ளியைச் சீவிப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து மாவாக்கி வைத்திருந்தார். அதற்கே இரண்டு நாள். அதில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, குடைக் கம்பியின் மேல் வைத்து உருட்டி, கம்பியை உருவினார். நடுவில் துவாரத்தோடு சிறு குழாய் வந்தது. "மக்ரோனி" என்றார். அதுவரை நான் அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது குடையைப் பற்றி மேலே பேச எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவும் கோபம்தான்.

முந்நூறு குழாயைத் தகரக் கூரையில் காயப்போட்டார். பச்சையம்மாக்கா ஒரு மாதத்து விரதத்தை முடித்துக்கொண்டு, "யாரு வயித்துலருந்து எறங்குன புழு இது?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அது உலர்ந்து கலகலவென்று ஆனது. அன்று ஆண்கள் வைத்த சுருக்கில் ஒரு காட்டுப்பன்றி மாட்டியிருந்தது. எங்கள் பங்கு இறைச்சியைக் கொத்தி, மிளகு, உப்பு, கறிவேப்பிலை சேர்த்து, வாழையிலையில் விரல் கனத்துக்குச் சுருட்டி அவித்து எடுத்தார். சாசேஜ். பிறகு எழுந்து நின்று, கோட்டைப் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, இப்ப மணி பாத்துக்க" என்றார்.

பானையில் தண்ணீர் கொதிக்கும்போதே சட்டியில் சாசேஜ் வட்டங்கள் சிவந்தன. அந்தக் கொழுப்பில் வெங்காயம், வேலியில் காய்த்த நீட்டு அவரை, பூசணித் துண்டு, ஒரு கைப்பிடி கங்கோங் கீரை. தக்காளி இல்லாததால் புளிப்புக்குப் பிலிம்பிங் காய். குழாய்களை வேகவைத்து, வடிதட்டில் வடித்து, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுக் கிளறினார். மரவள்ளி அவித்த தண்ணீரைக் கீழே கொட்டித்தானே எங்களுக்குப் பழக்கம், விஷம் என்று நான் பதறினேன். "மாவுக்குப் பிழிஞ்சப்பவே அதெல்லாம் போயிடுச்சி" என்றார். மூன்று நாள் வேலை, அரைமணி சமையல். ஒரு நிமிடம் கூடவில்லை.

நன்றாக இருந்தது. என்ன செய்வது, இருந்தது. வழுவழுவென்று ஒரு மெல்லுகிற சுகம், புளிப்பு, மிளகு, கொழுப்பு வாசம். ஒரு வருஷத்துக்குப் பிறகு, சாப்பிடுகிறோம் என்கிற நினைப்போடு சாப்பிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் முள்ளும் கத்தியும் கொடுத்திருந்தார். அவர் உட்காரவில்லை, கையைப் பின்னால் கட்டி நின்றார். மாரிமுத்துவுக்குக் குறும்பு அதிகம். தட்டு காலியானதும் முள்ளை இந்த ஓரத்திலும் கத்தியை அந்த ஓரத்திலும் வைத்துவிட்டு, "அண்ணே, இன்னும் முடிக்கல. கொண்டாங்க" என்றான். சட்டியில் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டப்படி அரைமணியால் போக முடியவில்லை. தன் பங்குக்கு எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து போட்டார். அதையும் தின்றுவிட்டு மறுபடியும் பிரித்து வைத்தான். "சேத்து வைடா, எனக்குக் கால் வலிக்குது" என்று அவர் கெஞ்ச, இவன் சிரிக்க, நானும் சிரித்தேன். ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றே முக்கால் வருஷத்தில் நான் சிரித்ததாக ஞாபகம் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

அடுத்து சயாம்.

அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டான் ஜப்பான்காரன். முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இரண்டாவது லாரிக்குக் கிராணியார் பட்டியல் எழுதினார். அவருக்கு வேண்டியவர்கள் யாரும் அதில் இல்லை. மாரிமுத்து இருந்தான். வியாழக்கிழமை காலை லாரி. செவ்வாய்க்கிழமை பெரட்டில் பெயரைப் படித்தார்கள்.

நான் போய்க் கிராணியார் காலில் விழுந்தேன். "என் கையில ஒண்ணும் இல்லம்மா. ஜப்பான் ஆபீசர் நாளைக்குச் சாயந்தரம் பங்களாவுக்கு வராரு, அங்கயே சாப்டறாரு. அவரு அடிச்சா பேரு அடிபடும்" என்றார். சொல்லிவிட்டு, ஆபீசருக்கு என்ன சமைத்துப் போடுவது என்று என்னிடமே புலம்பினார். இதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்து நின்ற அரைமணி, "நான் சமைக்கறேன். பேர அடிக்க நானே கேக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரே பயம். "உங்களால கேக்க முடியுமாண்ணே?"

"இருவது வருஷம் தங்கச்சி. காலு ஒடஞ்ச ஆளுக்கு லீவு வாங்கிக் குடுத்தவன் நானு. கெழவன் ஒருத்தன வேலய விட்டு நிறுத்தினப்ப திரும்பச் சேத்தவன் நானு. ஆனா ஒண்ணு, தொரகிட்ட எது கேட்டாலும் முள்ளும் கத்தியும் சேர்ந்த பொறவுதான் கேக்கணும். வாயில சாப்பாடு இருக்கறப்ப கேட்டா, இல்லன்னுதான் வரும். சேத்து வெச்ச ஒடனே கேட்டா, ஆம்பளைக்கு மனசு எளகியிருக்கும். ஒரு நாளும் தப்பினதில்ல."

அதை நம்பினேன். நம்பாமல் வேறு என்ன கையில் இருந்தது?

மக்ரோனி காய்ந்தது ஒரு டின் மீதி இருந்தது. சாசேஜுக்குத்தான் இறைச்சி இல்லை. பச்சையம்மாக்கா, யார் கண்ணிலும் படாமல் கட்டிலுக்கு அடியில் கூடை போட்டு வளர்த்துவந்த ஒரே கோழியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதன் முட்டையை நம்பி மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். "மாரிமுத்து வரட்டும், வேற வாங்கிக் குடுக்கச் சொல்றேன்" என்றேன். "ஆளு இருந்தாப் போதும்லா" என்றார்.

புதன்கிழமை சாயந்தரம் பங்களாக் குசினியில் நான் காய் நறுக்கினேன், அவர் சமைத்தார். பொத்தானைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். ஆபீசர் வந்து, வாளை நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்ததிலிருந்து சரியாக அரைமணி நேரத்தில் தட்டு மேசைக்குப் போனது. வலப்பக்கம் கத்தி, இடப்பக்கம் முள்ளு. நான் குசினிக் கதவு இடுக்கில் நின்றேன். கிராணியார் வாசலில் குனிந்து நின்றார்.

ஆபீசர் முள்ளை மட்டும் எடுத்தான். தட்டை ஒரு கையால் வாய்ப்பக்கம் தூக்கிப் பிடித்து, அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். கத்தியைத் தொடவே இல்லை. தின்று முடித்து, வயிற்றைத் தடவி, மலாயில் "செடாப்" என்றான். ருசி என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது.

"கேளுங்கண்ணே" என்றேன், மூச்சுக் குரலில்.

அவர் உதடு அசையாமல் சொன்னார், "இரு தங்கச்சி. கத்தி இன்னும் அந்தப் பக்கமே கெடக்கு."

முள்ளு தட்டில். கத்தி, அவர் வைத்த இடத்திலேயே, மேசைத் துணியில். ஆபீசர் சிகரெட் பற்றவைத்தான். சாம்பலைத் தட்டில் தட்டினான். அரைமணி கண்ணை எடுக்காமல் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆபீசர் எழுந்தான், வாளை எடுத்தான், வாசலுக்கு நடந்தான். கிராணியார் தரை வரைக்கும் குனிந்தார். அப்போதுதான் அரைமணி ஓர் அடி முன்னால் வைத்து, தன் கையாலேயே கத்தியை எடுத்து முள்ளுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு, திரும்பி, "துவான்" என்றார். வெளியே கார் கிளம்பி பங்களா மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை மாரிமுத்து லாரியில் ஏறினான். ஏறும்போதும், "அண்ணே, சேத்து வெச்சுடாதீங்க, திரும்ப வந்து சாப்டணும்" என்று அவரிடம் வேடிக்கை பேசினான். என் கையைப் பிடித்தான், விட்டான். லாரி போனதும், நான் தோட்டத்து ஜனம் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று அரைமணியை ஏசினேன். இங்கே எழுத முடியாத வார்த்தையெல்லாம் பேசினேன். எழுதக்கூடியது ஒன்று உண்டு. "என் புருஷன முழுங்குனது ஜப்பான்காரன் இல்ல, உன் முள்ளும் கத்தியும்தான். நீ நல்லா இருப்பியா?" அண்ணே என்று கூப்பிட்ட வாய் நீ என்று சொன்னது. அவர் நெற்றியில் கரண்டி பட்ட தழும்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

இன்றைக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று கதவு இடுக்கில் நின்ற எனக்கும் வாய் இருந்தது. "தொலோங், துவான்", காப்பாத்துங்க ஐயா, என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கும் மலாய் தெரியும். புருஷன் என்னுடையவன். பத்தடி தூரம் ஓடி அந்த ஆபீசர் காலைப் பிடித்திருக்கலாம். வாளைப் பார்த்துப் பயந்து நின்றேன். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அரைமணி தலையில் கொட்டினேன். அவர் பாவம், சுமந்துகொண்டார்.

இரண்டு வாரம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புதன்கிழமை வந்தது, போனது, மக்ரோனி என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்ட நிம்மதி எனக்குக் கிடைத்தது. நாசமாய்ப் போன நிம்மதி.

மூன்றாவது லாரி வந்த அன்று, பட்டியலில் பெயரே இல்லாத அரைமணி கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் பானையோடு பெரட்டுக் களத்துக்கு வந்தார். பானைக்குள் வடிதட்டு.

"உமக்கு வயசு ஆயிடுச்சி. பேரு லிஸ்டுல இல்ல" என்றார் கிராணியார்.

"ரயிலு போடறவனுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளு வேணாமா? பேர எழுதுங்க."

"என்னா பேருன்னு எழுதறது?"

"அரமணின்னு எழுதுங்க."

கிராணியாருக்கு ஒரு தலை லாபம். எழுதிக்கொண்டார். லாரி கிளம்புவதற்கு முன் அரைமணி லயத்துக்கு வந்து என் கதவுக்கு முன்னால் நின்றார். "தங்கச்சி, மாரிமுத்துவப் பாத்தா என்னா சொல்லட்டும்?" நான் உள்ளே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.  அவர் கதவிடம், "சரி, அரமணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து மாரிமுத்து வந்தான். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். பச்சையம்மாக்கா யாரோ பிச்சைக்காரன் என்று விரட்டப் போனார். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்களை எண்ண இரண்டு கை அதிகம். மூன்று நாள் மாரிமுத்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினான். நாலாம் நாள் அரைமணியைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் பழைய கோபம் இருந்தது.

அங்கே ஒரு முகாமில் கஞ்சிக் கொட்டகை அவருக்கு. கெடாவிலிருந்து வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும், மாரிமுத்துவைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து இவனுடைய கூட்டம் அந்த முகாமுக்கு வந்தது. இவனுக்குக் காய்ச்சல், மண் வெட்ட முடியாமல் அடி வாங்கிக்கொண்டிருந்தான். அன்று பொழுது சாய, காவல் சிப்பாய்க்குச் சோறு வைக்கப் போன அரைமணி, தட்டை மேசையில் வைத்து, வைத்த கையை எடுக்கவில்லையாம். "துவான், தண்ணி தூக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளு" என்று மலாயில் சொல்லி இவனைக் காட்டினார். சிப்பாய் அறைந்தான். மறுநாளும் முதல் வாய் வைப்பதற்கு முன்னால் கேட்டார், மறுநாளும் அறை. மூன்றாம் நாள் ஒரு பல் போயிற்று. நாலாம் நாள் சிப்பாய்க்குச் சலித்துப்போய், எடுத்துத் தொலை என்று கையை வீசினான்.

"நான் அவருகிட்ட கேட்டன், அஞ்சல, ஏண்ணே, சாப்ட்டு முடிக்கட்டும்னு இருக்கக் கூடாதான்னு. ஒரு தடவ இருந்து பாத்துட்டேன்டான்னாரு."

கஞ்சிக் கொட்டகையில் இருந்ததால் இவனுக்குக் கொதித்த தண்ணீர் கிடைத்தது. காலரா வந்து அந்த முகாமில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், இவன் பிழைத்தான். அரைமணியை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. சாவதற்கு முந்தின நாள்கூட இவன் காய்ச்சிய கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, உப்பு பத்தல என்றாராம்.

மாரிமுத்து இடுப்பிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். என் குடைக் கம்பி. அவ்வளவு தூரம் அதைக் கொண்டுபோயிருக்கிறார், பாவி மனுஷர், சயாமில் மாவு கிடைக்கும் என்று நினைத்து. "தங்கச்சிகிட்ட குடுத்துடு, கேக்காம எடுத்துட்டேன்னு சொன்னாரு. அவ கோவமா இருப்பாளேன்னு கேட்டன். அவ கோவம் அரமணிக்கு மேல நிக்காதுன்னாரு."

இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றிருந்தது. என் கதவிடம் சொன்னதைத் தவிர்த்தால், அவர் சொன்ன அரைமணிகளில் தப்பிப்போனது அது ஒன்றுதான், அதுவும் என்னால்.

கடையில் அந்தப் பெண் சொன்னபடி இப்போது எல்லாம் ஈசி. பாக்கெட்டைப் பிரித்தால் மக்ரோனி, டின்னைத் திறந்தால் சாசேஜ். காரட்டு, பச்சைப் பட்டாணி, வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. புதன்கிழமை தோறும் செய்கிறேன். உப்பு போடும்போது மட்டும் கை ஒரு நிமிடம் நிற்கும். மற்ற நாளெல்லாம் கையால் சாப்பிடுகிற நானும் மாரிமுத்துவும் அன்றைக்கு மட்டும் முள்ளும் கத்தியும் எடுக்கிறோம். தட்டு காலியான பிறகும் முள்ளை ஒரு பக்கம், கத்தியை ஒரு பக்கம் பிரித்துத்தான் வைக்கிறோம். சேர்த்து வைத்துவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார்.